தோளில் இருந்த கை

தோளில் ஒரு கை இருக்கிறது. அதை எடுக்க வேண்டும். நான்கு விரல்கள்தான் தெரிகின்றன, கட்டைவிரல் முதுகுப்பக்கம் மறைந்திருக்கிறது, மோதிர விரலில் ஒரு செம்பு வளையம். கல்யாண வீட்டில் எடுத்த படம். ஏழெட்டுப் பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற கூட்டத்திலிருந்து இவனை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறேன், அந்த நான்கு விரல்கள் அவனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டன. எல்லாச் சாவுப் படத்திலும் இப்படி ஏதாவது ஒட்டிக்கொண்டு வரும், யாருடைய முந்தானையோ, பாதிக் காதோ. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் இவனுடைய அக்கா கோமதி உட்கார்ந்திருக்கிறாள். மில்லில் போடுகிற நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, காலரில் பஞ்சுத் துணுக்குகள். "அந்தக் கையை மட்டும் எடுத்துருங்க" என்று வந்ததிலிருந்து இரண்டு தடவை சொல்லிவிட்டாள். "அந்தப் பையன் போன் பண்ணிச் சொன்னான், என் கை தெரியக் கூடாதுக்கா, மோதிரத்தை வச்சு கண்டுபிடிச்சிருவாங்கன்னு." மணி பத்தே கால். ஒரு மணிக்குப் பெரியாஸ்பத்திரியிலிருந்து உடம்பு வீட்டுக்கு வந்துவிடும். அதற்குள் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டிவிட வேண்டும் என்பது அவளுடைய கணக்கு. பூபாலன், வயது இருபத்தாறு. முந்தாநாள் பகல் பதினொரு மணிக்கு, திருடின காரில், போலீஸ் ஜீப் துரத்த, பைபாஸில் நடுச்சுவரில் ஏறி எதிர்ப்பக்கம் வந்த டிப்பர் லாரிக்கு அடியில் போனவன். ஊரே செல்போனில் பார்த்துவிட்டது. நானும் பார்த்தேன். அதை அப்புறம் நினைத்துக்கொள்ளலாம். இப்போது கை.

விரல்களை அழிப்பது சுலபம், பக்கத்திலிருக்கிற சட்டைத் துணியைத் தொட்டு மேலே மேலே தடவினால் போதும், துணி விரலைத் தின்றுவிடும். சட்டை கட்டம் போட்டது, அதுதான் கஷ்டம், கோடு கோட்டோடு சேர வேண்டும். கடை முதலாளி சவுந்தர் அண்ணன் கண்ணாடிக் கதவருகே நின்றுகொண்டு யாரிடமோ போனில் பேசுகிறார், பேச்சுக்கு நடுவில் என் பக்கம் திரும்பி, "அகிலா, கீழ நம்ம கடைப் பேரைப் போட்டுறாத, என்ன" என்கிறார். மெதுவாகத்தான் சொன்னார். பத்தடிக் கடையில் மெதுவாகச் சொல்வதென்று ஒன்று கிடையாது. கோமதி தன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டாள். இந்தக் கடைக்கு நான் வந்து மூன்று வருஷம் ஆகிறது, எம்.ஏ. வரலாறு முடித்த கையோடு வந்தவள், இதுவரைக்கும் கடைப் பெயரும் போன் நம்பரும் இல்லாமல் ஒரு போஸ்டர் இங்கிருந்து போனதில்லை. பெண்டாட்டியை அடித்து அடித்தே காது கேட்காமல் செய்துவிட்ட ஒருவருக்கு 'பாசத்தின் சிகரமே' என்று நானே டைப் செய்தேன், பத்துக்கு எட்டு அடி, கீழே கடைப் பெயர் சிவப்பில். ரேஷன் அரிசியை மூட்டை மூட்டையாக வெளியே தள்ளினவருக்கு 'ஏழைகளின் இதயமே'. சொல்லச் சொல்ல அடித்தேன். அந்தப் பெண்டாட்டி அடுத்த நாள் வந்து ஃப்ளெக்ஸைத் திருப்பிக் கேட்டாள், அடுப்படிக்கு மேலே கூரை ஒழுகுகிறதாம். செத்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள் என்பதுதான் இந்தத் தொழிலின் முதல் விதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். "என்னம்மா தலைப்பு" என்று கேட்டதற்குக் கோமதி சொன்னாள், "கண்ணீர் அஞ்சலி போதும். வேற எதுவும் வேணாம்." வேற எதுவும் வேணாம் என்று கேட்டு வந்த முதல் ஆள்.

ஆனால் பெயர்கள் வேண்டும். அது சவுந்தர் அண்ணனின் சட்டம். படத்துக்குக் கீழே 'வருந்தும் நண்பர்கள்' என்று போட்டு ஒரு பெயராவது இருக்க வேண்டும், பெயரில்லாத போஸ்டர் மொட்டைக் கடுதாசி மாதிரி, நாளைக்கு ஏதாவது என்றால் கடைக்காரன் கழுத்துக்கு வரும். கோமதியின் பெயரையே போட்டுவிடலாமே என்று எனக்குத் தோன்றியது, கேட்கத் தயங்கினேன், அவளே சொல்லிவிட்டாள். "வீட்டாளுக நாங்களே போட்டுக்கிட்டா அசிங்கம்மா. கூட நிக்க ஒரு ஆளு இல்லாம செத்தான்னு ஆயிரும்." அது சரிதான். எங்கள் பக்கம் அப்படித்தான். சாவுக்கு வீட்டார் அழுவார்கள், ஃப்ளெக்ஸ் வைப்பது வெளியாள்கள். யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேதான் மாலை கொண்டுவருகிறவர்கள் தெருவுக்குள் நுழைவார்கள். அவள் கையிலிருக்கிற காகிதம் மில் ஷிப்ட் அட்டையின் பின்பக்கம், அதில் ஏழு பெயர்கள். நேற்று ராத்திரி ஏழு பேரும் தலையாட்டினார்களாம். காலையில் இரண்டு பேர் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். இப்போது அவள் செல்போன் அடிக்கிறது. "சொல்லுப்பா... ஆமா, கடையிலதான்... சரி... சரி... இல்ல, நான் ஒண்ணும் நினைக்கல." பேனா கேட்டாள். கொடுத்தேன். மூன்றாவது பெயரை அடித்தாள். ஒரே கோடு, நேராக, மில்லில் வருகைப் பதிவில் அடிக்கிற மாதிரி.

பேனா. இவன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்திருந்தான். படத்தைத் திறந்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, மேல் உதட்டில் அந்தத் தழும்பு, இருந்தாலும் கைதான் முதலில் ஞாபகம் வந்தது. இரண்டு மாதம் இருக்கும். மதியச் சாப்பாட்டு நேரம், அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார். "சிஸ்டர், நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டணும்" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினான், வியர்வையில் நம்பர் பாதி கலங்கியிருந்தது. எங்கள் கடையில் நம்பர் கேட்போம், எழுத்து எப்படி வேண்டுமென்று கேட்போம், ஆர்.சி. புக் கேட்க மாட்டோம். 'ஆர்.சி. புக் நகல் கட்டாயம்' என்று நான்தான் ஒரு அட்டை அடித்து வைத்தேன், அண்ணன் அதை என் கம்ப்யூட்டருக்குப் பின்னால், சுவரைப் பார்த்து ஒட்டிவைத்திருக்கிறார், யாராவது வந்து கேட்டால் இருக்கிறது என்று காட்ட. நம்பரை அடித்தேன், மிஷின் வெட்டியது, எழுத்தின் ஓட்டைகளை ஊசியால் கிள்ளி எடுக்கும்போது எட்டின் கீழ்வட்டம் லேசாகக் கிழிந்துவிட்டது. வேறு வெட்டித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அந்நியர்களிடம் நான் ஒரு வாக்கியம் சொல்வதற்குள் அவர்கள் மூன்று வாக்கியம் பேசிவிடுவார்கள். "விடுங்க சிஸ்டர், ஓடுற வண்டியில எவன் உத்துப் பாக்கப் போறான்." அப்புறம் என் திரையிலிருந்த ஒரு சாவுப் படத்தைப் பார்த்தான், சிரித்த முகத்தோடு ஒரு பெரியவர். "செத்தவங்கள எல்லாம் எப்படி சிஸ்டர் சிரிக்க வைக்கிறீங்க?" நான் பதில் சொன்னேன், ஆச்சரியம், சொன்னேன். "கல்யாணப் படத்துல இருந்து வெட்டுவோம்." அவன் ரொம்ப நேரம் சிரித்தான். "அப்ப அடுத்த கல்யாணத்துல ஒழுங்கா நிக்கணும்." ஒழுங்காகத்தான் நின்றிருக்கிறான். கழுத்துப் பட்டன் போட்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, தோளில் அந்தக் கையோடு.

கதவு திறந்து வேலாயுதம் அண்ணன் வந்தார். இட்லி மாவு போடுகிறவர், பாக்கெட்டுக்கு லேபிள் அடிக்க மாதம் ஒருமுறை வருவார், மொபெட்டின் இரண்டு பக்கமும் மாவு டப்பாக்கள் கட்டியிருக்கும். முன்னால் ஆம்னி வேன் வைத்திருந்தார். வாசலில் நிறுத்திவிட்டுப் பால் வாங்கப் போன நேரத்தில் திருடு போனது, இரண்டு வருஷம் ஆகிறது. "என்ன சவுந்தரு, பைபாஸ் படத்தைப் பாத்தியா" என்றார் உட்காரும்போதே. "பாக்காம இருப்பனா. எங்க வீட்ல டிவியே போடல, அதைத்தான் திருப்பித் திருப்பிப் பாத்தாய்ங்க." "நாலு பேரை இப்படி வெரட்டி விட்டாத்தான் அஞ்சாவது பயலுக்குப் பயம் வரும். ஸ்டேசனுக்கு நான் நடந்த நடைக்கு மதுரைக்கே போய்ச் சேந்திருப்பேன்." அண்ணன் கண்ணைக் காட்டினார், கோமதியின் பக்கம். வேலாயுதம் அண்ணனுக்குப் புரியவில்லை. "என்னய்யா கண்ணுல தூசியா?" அப்புறம் திரையைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், நீலக் கோட்டைப் பார்த்தார். அச்சடிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் நின்ற இஸ்மாயில் அண்ணன் மை டப்பாவை மூடினார், அந்தச் சத்தம் கேட்டது. நான் கட்டங்களில் கண்ணை வைத்துக்கொண்டேன். என் முதுகு எரிந்தது, எனக்கு எப்போதும் முதுகில்தான் கேட்கும். "தம்பியா?" என்றார். "ஆமாண்ணே." "என் ஆம்னியும் அவன் எடுத்ததுதானா? உனக்குத் தெரியுமா ஆத்தா?" "தெரியாதுண்ணே. எங்க வீட்டுக்கு அவன் ஒரு டயரு கூடக் கொண்டுவந்ததில்ல. வர்றப்பல்லாம் பஸ்ஸுலதான் வருவான்." "வருத்தமாத்தான் இருக்கு" என்றார் வேலாயுதம் அண்ணன். "ஆனா பொய் சொல்லக் கூடாது. அந்தப் படத்தைப் பாத்தப்ப எனக்கு வயிறு நிறைஞ்ச மாதிரி இருந்துச்சு." கோமதி தலையாட்டினாள். சரி என்கிற மாதிரியா, கேட்டுக்கொண்டேன் என்கிற மாதிரியா, தெரியவில்லை. அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவருக்கு வேன் போனது, சொல்வதற்கு அவரிடம் ஒரு வேனாவது இருக்கிறது.

எனக்கு என்ன போனது? சைக்கிள்கூடப் போகவில்லை. முந்தாநாள் சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்த சந்தோஷத்தில் போனைத் திறந்தேன், அந்தக் காட்சி வந்தது, லாரிக்கு அடியில் வெள்ளைக் கார், பக்கத்தில் நின்று யாரோ விசிலடிக்கிறார்கள். கீழே வரிசையாக எழுதியிருந்தார்கள், போலீசுக்கு சல்யூட், வரிப்பணம் மிச்சம், கேஸ் முடிஞ்சது வீட்டுக்குப் போங்க. அதற்குக் கீழே ஒருவர், 'லாரி டிரைவருக்கு ஒரு பிரியாணி சொல்லுங்கப்பா, என் கணக்குல'. சிரித்தேன். வாய்விட்டு இல்லை, மூக்கால், பக்கத்திலிருந்த அம்மாள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. கட்டைவிரல் தானாகப் போய் அந்த வரிக்குப் பக்கத்திலிருந்த இதயத்தைத் தொட்டது. ஆயிரத்து நானூறு பேருக்கு அப்புறம் நான். என் பெயர் இல்லாத ஒரு கணக்கிலிருந்து, ரோஜாப்பூ படம் வைத்த கணக்கிலிருந்து. காலேஜ் வகுப்பில் ஐந்து வருஷமும் ஒரு கேள்வி கேட்டதில்லை, கடையில் கல்லாப்பெட்டியைத் தாண்டிச் சத்தமாகப் பேசியதில்லை, ஆனால் ஒருவன் செத்ததற்குப் பிரியாணி சொன்னவரிடம் நானும் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன், எவ்வளவு தைரியம். இன்று காலை கோமதி படம் அனுப்பியதும் அதே காட்சியைத் திரும்பத் தேடிப் பார்த்தேன். கார் நின்றுவிட்டது, அதனால் உற்றுப் பார்க்க முடிந்தது. பின்பக்கத்து எட்டு. கீழ்வட்டத்தில் ஊசி கிழித்த இடம். இதயத்தை மறுபடி தொட்டு எடுத்துவிட்டேன், ஆயிரத்து நானூறுக்கு மேல் எத்தனையோ இருந்தது, ஒன்று குறைந்தது அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது. திருடினால் ஜெயில், அப்படித்தான் சட்டத்தில் எழுதியிருக்கிறது, சில வருஷம், அதற்கும் ஜாமீன் உண்டு, வக்கீல் உண்டு, வாய்தா உண்டு. ஓடினதற்கு என்ன தண்டனை என்று எங்கே எழுதியிருக்கிறது? நாங்கள்தான் எழுதினோம், ஆயிரத்து நானூறு பேரும் நானும், பஸ்ஸில் உட்கார்ந்தபடி, கட்டைவிரலால். அவன் திருடினவன்தான். அதை ஒருநாளும் இல்லையென்று சொல்ல மாட்டேன். திருடினவன் என்பதிலிருந்து பிரியாணி வரைக்கும் வருவதற்கு நடுவில் நாங்கள் எத்தனை படி தாண்டியிருக்கிறோம், ஒரு படிகூடக் காலில் தட்டவில்லையே. அதுதான். அது மட்டும்தான்.

விரல்கள் போய்விட்டன. தோள் சுத்தமாக இருக்கிறது, கோடுகள் சேர்ந்துவிட்டன. ஆனால் அந்தக் கை அழுத்தியிருந்த இடத்தில் சட்டையில் ஒரு சுருக்கம், கழுத்துவரைக்கும் ஓடுகிறது. அதையும் தேய்த்துவிடலாம், ஐந்து நிமிஷம். தேய்க்கவில்லை. கையைத்தான் எடுக்கச் சொன்னார்கள். போன் மறுபடி. நான்காவது பெயர் போனது, அதை அடித்து முடிப்பதற்குள் ஐந்தாவது. "வேலைக்குப் போற எடத்துல பிரச்சினையாயிருமாம்" என்று கோமதி எனக்குச் சொன்னாள், நான் கேட்காமலே, அவனுக்காக வக்காலத்து வாங்குகிற மாதிரி. ஆறாவது ஆளுக்கு அவளே போட்டாள். மணியடித்துக்கொண்டே இருந்தது. ஏழாவது அந்தக் கையின் சொந்தக்காரன். அதை அவள் போன் போடாமலே அடித்தாள்.

"பேரு ஒண்ணும் இல்லையா?" என்று சவுந்தர் அண்ணன் கேட்டார். குரலில் கோபம் இல்லை, நிம்மதிதான் இருந்தது. "அப்ப எப்படிம்மா. நான் முதல்லயே சொன்னேன்ல. வீட்ல படத்தை மட்டும் வச்சுக் கும்பிடுங்க, ஃப்ளெக்ஸ் எதுக்கு. பாக்கிறவனும் நாலு வார்த்தை பேசுவான்." கோமதி எழுந்திருக்கவில்லை. அட்டையை மடித்தாள், விரித்தாள். "ஒரு பேராவது" என்றாள், யாரிடம் என்று இல்லாமல். மணி பதினொன்றே முக்கால். திரையில் 'வருந்தும் நண்பர்கள்' என்ற வரிக்குக் கீழே கோடு மினுக்கிக்கொண்டிருந்தது, எழுத்து வரவேண்டிய இடத்தில், வா வா என்கிற மாதிரி, போ போ என்கிற மாதிரி. என் பெயர் இதுவரைக்கும் எந்த ஃப்ளெக்ஸிலும் வந்ததில்லை. அக்கா கல்யாணத்துக்கு மாமன் மகன்கள் வைத்ததில் எல்லார் பெயரும் இருந்தது, ஐந்தாம் வகுப்புப் படிக்கிற பொடிசுகள் பெயர்கூட, நான் என் பெயரை நானே எடுத்துவிட்டேன், நீளமான பெயர், வரி உடைகிறது என்று சாக்குச் சொல்லி. இப்போது எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அப்பா தினமும் ஃப்ளெக்ஸ் கட்டப்போகிற அந்தத் தெருமுனையில்தான் மில் பஸ் ஏறுகிறார். அவர் படிப்பார். எதிர்த்த வீட்டு ராஜாமணி அத்தை படிப்பாள், படித்துவிட்டுக் கேட்பாள், கார் திருடனுக்கும் உன் மகளுக்கும் என்ன. என்ன என்றால் எனக்கே தெரியாது. பேசினது ஒரு வாக்கியம். கல்யாணப் படத்திலிருந்து வெட்டுவோம். அதற்கு இவ்வளவா? பயமாக இருக்கிறது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற பயம், வாய்மொழித் தேர்வுக்கு வெளியே நிற்கும்போது வருமே, அது. அப்பா என்ன சொல்வார்? பேச மாட்டார், தட்டை நகர்த்திவைப்பார், அதுதான் பேச்சைவிட மோசம். ஒரு வாரம் நகர்த்துவார். இரண்டு வாரம். மாப்பிள்ளை வீட்டார் வராமல் போவார்கள். போகட்டும். ரோஜாப்பூவுக்குப் பின்னாலிருந்து இதயம் போடத் தெரிந்ததே, அந்தக் கட்டைவிரல் இதற்கு மட்டும் கூச்சப்பட்டால் நான் அதை என்னவென்று கூப்பிடுவது. அடித்தேன். மு. அகிலாண்டேஸ்வரி. வரி உடையவில்லை. பக்கத்தில் இடமிருந்தது. எம்.ஏ. என்றும் போட்டேன், எல்லாரும்தான் போடுகிறார்கள். 'நண்பர்கள்' என்பதை எடுத்துவிட்டேன், அது பொய். 'வருந்துவது' என்று மட்டும் வைத்தேன்.

கோமதி எழுந்து வந்து திரையைப் படித்தாள். "இது யாரு?" "நான்தான்" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. "அகிலா, என்ன பண்ற நீ?" என்றார் சவுந்தர் அண்ணன், கதவை விட்டு நகர்ந்து. "உனக்கும் இதுக்கும் என்ன? கேக்கிறவங்களுக்கு என்ன சொல்வ? கல்யாணமாக வேண்டிய புள்ள." கோமதியும் அதைத்தான் கேட்டாள், வேறு மாதிரி, மெதுவாக, என் கையைத் தொடப் போய்த் தொடாமல். "யாருன்னு கேட்டா நான் என்னம்மா சொல்லட்டும்?" நான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். எல்லாரையும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டியிருந்தது, பார்த்தேன். "அந்தக் காருக்கு நம்பர் வெட்டிக் கொடுத்த பொண்ணுன்னு சொல்லுங்க. இந்தக் கடையிலதான் வெட்டினேன். எட்டுல ஒரு கிழிசல் இருக்கும், வீடியோவுலயும் தெரியுது. போலீஸ் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்." ஒரே மூச்சில் இத்தனை வாக்கியம் நான் பேசி யாரும் கேட்டதில்லை. சவுந்தர் அண்ணன், "ஏய், சும்மா இரு, எதை எங்க பேசுற" என்றார், பாதிக் குரலில். வேலாயுதம் அண்ணன் எழுந்துவிட்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. "ஆர்.சி. புக் பாக்காமயா சவுந்தரு வெட்டித் தர்றீங்க?" "அது வந்துண்ணே..." "என் ஆம்னிக்கும் இங்கதான் வெட்டினீங்களோ?" அண்ணன் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்த அட்டையைப் பார்த்தார், எடுத்துக் காட்டலாமா என்று யோசிக்கிற மாதிரி. அது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கடைப் பெயரை மட்டும் அவர் சொன்னபடியே போடாமல் விட்டேன். ஃபைலை மிஷினுக்கு அனுப்பினேன். இஸ்மாயில் அண்ணன் யாரையும் எதுவும் கேட்கவில்லை, "நாலுக்கு மூணுதானேம்மா" என்று என்னிடம் மட்டும் கேட்டார். "ஆமாண்ணே." பட்டனை அழுத்தினார். மை மணம் எழுந்தது. எங்கள் மிஷினில் படம் தலைகீழாகத்தான் வரும், அடிவரி முதலில், முகம் கடைசியில். மை தெளிக்கிற மிஷின் தலை இடமும் வலமும் ஓட ஓட வெள்ளைத் துணியில் கறுப்பாக ஒரு கோடு விழுந்தது, அது எழுத்தானது. கோமதி கழுத்தைச் சாய்த்து, தலைகீழாகவே, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அவன் முகம் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது, அதுவரைக்கும் அங்கே என் பெயர் மட்டும்தான் இருந்தது.